இறக்கத்தில் தெரியும் காரின் குணம்

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாகக் கார் வாங்கப் போகிறோம். அப்பா தோட்டத்து லொறி சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் துரை பங்களாவில் கார் கழுவிய நாளிலிருந்தே மொரிஸ் மைனர் என்றால் அவருக்கு உயிர். டிக்கோயா பக்கம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என் கூட்டாளிகளோ, "அந்தப் பழைய வண்டி மலை ஏறாது, ஆல்ட்டோ எடு" என்கிறார்கள். எதை வாங்குவது?
வாசகர், நோர்வூட்

பதில்: தம்பி, மைனர் மலை ஏறும். அதன் 1098 சிசி எஞ்சினுக்கு 48 குதிரைவலு. 796 சிசி ஆல்ட்டோவுக்கும் ஏறக்குறைய அதே வலுதான். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் 300 மீட்டருக்குச் சுமார் 3 வீதம் வலுவை இழக்கும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைத் தொடும்போது இரண்டு வண்டிகளுமே ஐந்தில் ஒரு பங்கு வலுவை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கும். ஏற்றத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

மலைநாட்டுக் காரை நான் எடைபோடுவது இறக்கத்தில்தான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கிப் பாருங்கள். மைனரின் நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடியை இழக்கும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஆல்ட்டோவின் முன் சில்லுகளில் டிஸ்க். காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறும்.

டிஸ்க் இருந்தாலும் பிரேக் ஒயிலை மறந்துவிடக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கேட்கவே வேண்டாம். டொட் 3 ஒயில் புதிதில் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். ஆவி புகுந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய காவல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று லொறிக்காரர்கள் சொல்வதை அப்பாவிடம் கேளுங்கள். அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களின் கியர் லீவரில் 'பி' என்ற எழுத்து இருப்பதும் இதற்காகத்தான். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

இனி, அந்த மைனரைப் பார்க்கப் போனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். காரின் அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங்கை மாட்டியிருக்கும் இடங்களில் துரு இருக்கிறதா? சாரதியின் காலடித் தரைக்குக் கீழேதான் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. அதைச் சுற்றிய தகரம் உறுதியாக இருக்கிறதா? முன் சில்லைத் தாங்கும் 'ட்ரனியன்' மூட்டில் கிரீஸ் இருக்கிறதா? அந்த மூட்டு தேய்ந்து கழன்றால் சில்லு வெளியே சாய்ந்துவிடும். வளைவில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் கார்மேல் எனக்கும் தீராத காதல் உண்டு. அதன் ஸ்டியரிங் அன்றைக்கே அவ்வளவு துல்லியம். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மழையிலும் இரவிலும் ஓட வேண்டிய ஒரே கார் என்றால், ஆல்ட்டோவையே எடுங்கள். தினமும் கவனிக்க நேரமும், பழைய வண்டி தெரிந்த பாஸும் இருந்தால், மைனர் இரண்டாவது காராக வரட்டும்.

கூட்டாளிகளுக்கும் ஒன்று சொல்லுங்கள். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார், தோட்டப் பாதைக் கல்லில் ஒயில் சம்பை உடைத்துக்கொள்ளும். கார் ஓட்டும் அழகைப் பார்க்க வேண்டுமானால், ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குப் போகட்டும். 1934இல் தொடங்கிய போட்டி அது. வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்து, வளைவை விட்டு வெளியேறும்போது முடுக்குவதைக் கவனிக்கட்டும்.

நம் முன்னோர் மலையை வெட்டிப் போட்ட பாதைகளில் நெடுங்காலம் துரைமாரின் கார்களே ஓடின. இன்று உங்கள் வீட்டுக்கு ஒரு சாவி வருகிறது. எந்த வண்டியானாலும், காசு கொடுக்குமுன் அதை ஓர் இறக்கத்தில் அப்பா ஓட்டிப் பார்க்கட்டும். அவர் கால் சரி என்றால் வாங்குங்கள்.