பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் சாலை விதிமீறல்: நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும் முறை

பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைத் தாண்டியதாகவோ வேக வரம்பை மீறியதாகவோ கேமராப் பதிவைக் கொண்டு அனுப்பப்படும் இ-சலான், அதாவது மின்னணு முறையில் வரும் அபராத அறிவிப்பு, வண்டியின் பதிவு உரிமையாளரான பள்ளியின் பெயருக்கே வருகிறது. அன்று வண்டியை ஓட்டியவர் யார் என்பது அதில் இருப்பதில்லை. கணக்குப் பிரிவு அந்த அபராதத்தைக் கட்டி, தொகையை ஓட்டுநரின் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கோப்பை மூடிவிட்டால், விதிமீறல் ஓட்டுநரின் பணி வரலாற்றில் ஏறாமலே மறைந்துபோகிறது. அவர் தரப்பைக் கேட்காமல் அவர் பணத்தை எடுத்துக்கொண்டதாகவும் ஆகிறது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பும் ஓட்டுநருக்கு நீதியும் ஒருசேரத் தவறும் இந்த வழக்கத்துக்கு மாற்றாக, தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி நிர்வாகம் பின்பற்றத்தக்க நடைமுறை இங்கே படிப்படியாக விளக்கப்படுகிறது.

முதல் வேலை விதிமீறல் நடப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. எவை விதிமீறல்கள், அவற்றுள் எவை கடுமையானவை என்பதைப் பணி நியமன ஆணையிலேயே தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஓட்டுநரிடம் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். பின்னால் எழுதிய விதியைக் கொண்டு முன்னால் நடந்ததைத் தண்டிக்க முடியாது. தரம் பிரிப்பதற்கான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் தில்லிக்காகப் பிறப்பித்த ஆணைகளிலிருந்து உருவாகி, சிபிஎஸ்இ தன் இணைப்புப் பள்ளிகளுக்கு அனுப்பிய நெறிமுறையின்படி, சிவப்பு விளக்கைத் தாண்டுதல், தட ஒழுங்கை மீறுதல், உரிமையற்றவரை வண்டி ஓட்டவிடுதல் போன்றவற்றுக்காக ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் சலான் பெற்றவரையும், அதிவேகம், குடிபோதை, ஆபத்தாக ஓட்டுதல் ஆகியவற்றுக்காக ஒரே ஒரு முறை சலான் பெற்றவரையும் பள்ளி வாகனத்தில் பணியமர்த்தக் கூடாது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் இதையே பணி நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதையும் ஆபத்தாக ஓட்டுதலின் கீழ் கொண்டுவந்துவிட்டதால், கைபேசிப் பேச்சைச் சிறு தவறுகளின் பட்டியலில் வைக்கும் பள்ளி தன் பட்டியலைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தேவை நடைப் பதிவேடு. ஒவ்வொரு நடைக்கும் வண்டி எண், தடம், புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், ஓட்டுநர் பெயர், உதவியாளர் பெயர் ஆகியவை அன்றன்றே கையொப்பத்துடன் எழுதப்பட வேண்டும். சலான் நாள் கடந்து வரும்போது, ஓட்டுநர்கள் வண்டி மாற்றி ஓட்டும் பள்ளிகளில் இந்தப் பதிவேடு இல்லாவிட்டால் யாரிடம் விளக்கம் கேட்பது என்பதே தெரியாமல் போகும். விதிமீறலின்போது வண்டியை ஓட்டியவரின் பெயர், முகவரி முதலிய விவரங்களைக் காவல் அதிகாரி கேட்டால் தரவேண்டிய கடமையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி வண்டி உரிமையாளரைச் சேர்ந்தது.

விதிமீறல் தெரியவந்த முதல் மணி நேரத்தில் செய்யவேண்டியது தண்டனை வழங்குவது அன்று. குழந்தைகள் அந்த நேரத்தில் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான். குடிபோதை, கவனமற்ற ஓட்டம், விபத்து போன்ற புகார் எழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும், அடுத்த நடைக்கு வேறு ஓட்டுநரை அனுப்ப வேண்டும். இதற்கென ஒரு மாற்று ஓட்டுநர் எப்போதும் தயார்நிலையில் இல்லாத பள்ளி, ஐயத்துக்குரியவரையே மீண்டும் வண்டியில் ஏற்றும் நெருக்கடிக்கு உள்ளாகும். சட்டப்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால்தான் குற்றம் என்றாலும், பள்ளி தன் பணி நிபந்தனையில் எந்த அளவையும் ஏற்பதில்லை என்று எழுதிக்கொள்வதே முறை. காலை நடைக்கு முன் மூச்சுப் பரிசோதனைக் கருவியால் சோதிக்கும்போது இருவர் உடனிருந்து, கருவி காட்டிய அளவையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஓட்டுநர் கேட்டால் சிறிது இடைவெளி விட்டு மறுமுறை சோதிக்க வேண்டும். போதையில் இருப்பதாகத் தெரிந்தவரை அவருடைய இருசக்கர வாகனத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் ஒரு தவறே.

அடுத்து, சான்றுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வண்டிக்குள் உள்ள கேமராவின் பதிவு, நினைவகம் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது பதிவாகி அழிந்துவிடும் என்பதால், புகார் வந்த அன்றே அந்தப் பகுதியைத் தனியே நகலெடுத்து, எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். ஜிபிஎஸ் கருவியின் வேகப் பதிவுக்கும் இது பொருந்தும். பெற்றோரோ வழிப்போக்கரோ அனுப்பும் காணொளியை ஏற்பதற்கு முன் எடுத்தவர், நாள், இடம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். பேருந்தில் இருந்த மாணவர்களிடம் விவரம் கேட்பது தவிர்க்க முடியாததானால், வகுப்பாசிரியர் பெற்றோர் முன்னிலையில் மென்மையாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். நாள்தோறும் தன்னை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு எதிரே ஒரு குழந்தையைச் சாட்சியாக நிறுத்துவது எந்நிலையிலும் கூடாது.

இதன்பின் ஓட்டுநருக்கு விளக்கம் கோரும் குறிப்பாணை வழங்கப்படுகிறது. அதில் நாள், நேரம், இடம், வண்டி எண், மீறப்பட்ட விதி, கையிலுள்ள சான்று ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ‘பொறுப்பின்றி நடந்துகொண்டீர்’ என்பது போன்ற பொதுச் சொற்றொடருக்கு யாராலும் பதில் எழுத முடியாது. பதிலளிக்க ஒரு வாரம் தருவது நியாயமானது. எழுதப் பழகாத ஓட்டுநர் வாய்மொழியாகச் சொல்வதை ஒருவர் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறலாம்.

வரும் விளக்கத்தைச் சடங்காகப் படிக்காமல், உண்மையா என்று சோதிப்பதே இந்நடைமுறையின் உயிர்நிலை. எடுத்துக்காட்டாக, 18 கிலோமீட்டர் தடத்தை 24 நிறுத்தங்களுடன் ஒரு மணி நேரத்தில் முடிக்குமாறு அட்டவணை வகுக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஓட்டத்துக்கு எஞ்சுவது 36 நிமிடமே. காலை நெரிசலில், சிக்னல்களையும் சேர்த்து, சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் வண்டி மணியடிப்பதற்குள் பள்ளி சேரும். தாமதமாக வந்தால் ஏச்சு, வேகமாக வந்தால் சலான் என்ற நிலையில் ஓட்டுநரை நிறுத்திவிட்டு, சலானுக்கு மட்டும் தண்டிப்பது அறமாகாது. சட்டமும் இதைக் கண்டிருக்கிறது: வேக வரம்பை மீறுவோரை மட்டுமன்றி, தன்னிடம் பணிபுரிபவரை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு தண்டனைக்கு உரியவராக்குகிறது. ஆகவே ஓட்டுநர் அட்டவணையைக் காரணம் காட்டினால், போக்குவரத்துப் பொறுப்பாளர் குழந்தைகள் இல்லாத நாளில் அன்றி, வழக்கமான வேலைநாள் காலையில் அதே வண்டியில் முழு நடையும் சென்று நேரத்தை அளக்க வேண்டும். கூற்று உண்மையானால் ஓட்டுநரின் தவறு மறைந்துவிடாது, ஆனால் எடை குறையும். அட்டவணை அந்த வாரமே மாற வேண்டும்.

வண்டியின் பழுதையும் இவ்வாறே நோக்க வேண்டும். 2012 ஜூலை 25 அன்று சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து உயிரிழந்ததும், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டதும், பள்ளி வாகனங்களுக்கென மாநில அரசு தனிச் சிறப்பு விதிகளை அதே ஆண்டில் கொண்டுவந்ததும் பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய ஓட்டை ஒரே நாளில் விழுவதில்லை. பிரேக் பிடிக்கவில்லை, கதவு சாத்தவில்லை என்று ஓட்டுநர் எழுதிக் கையொப்பமிடும் பழுதுக் குறிப்பேடு ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். அதில் எழுதிவைத்தும் பழுது நீக்கப்படாத வண்டியை ஓட்டியதற்காக வரும் சலானுக்கு ஓட்டுநர் மட்டும் பொறுப்பாக மாட்டார். பழுதான வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநரைக் கீழ்ப்படியாமைக்காகத் தண்டிக்கும் நிர்வாகம், அடுத்த முறை அவர் வாய்திறக்காமல் வண்டியை எடுத்துச் செல்வதற்கே அவரைப் பழக்குகிறது.

குற்றச்சாட்டு கடுமையானதாகவும் விளக்கம் ஏற்கத்தகாததாகவும் இருந்தால் உள்விசாரணை, அதாவது நிறுவனம் தனக்குள் நடத்தும் முறையான விசாரணை, தேவைப்படும். சலான் என்பது குற்றச்சாட்டே தவிர நிரூபணம் அன்று; தவறான வண்டி எண்ணுக்கு வரும் சலான்களும் உண்டு. விசாரிப்பவர் புகார் அளித்தவராகவோ சாட்சியாகவோ இருக்கக் கூடாது; ஓட்டுநர் தம் உடன்பணியாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், அறிக்கையின் நகலைப் பெற்றுப் பதில் கூறவும் இடமளிக்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் போல ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் இங்கு வேண்டியதில்லை. நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று சான்றுகள் காட்டினால் போதும். விசாரணை முடியும்வரை ஓட்டுநரை இடைநீக்கத்தில் வைக்கலாம். இடைநீக்கம் தண்டனை ஆகாது என்பதால், அக்காலத்தில் பிழைப்பூதியம், அதாவது குடும்பம் நடத்துவதற்கான குறைந்த ஊதியம், தரப்பட வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டத்தின்படி அது முதல் 90 நாள்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடு, அதன்பின் 180 நாள் வரை 75 விழுக்காடு, அதற்கும் மேல் முழு ஊதியம்.

தண்டனை தவற்றின் அளவுக்கும் பணி வரலாற்றுக்கும் ஏற்ப அமைய வேண்டும். பத்தாண்டு மாசின்றி ஓட்டியவரின் முதல் நிறுத்தக்கோட்டு மீறலுக்கு எழுத்து எச்சரிக்கையும் மறுபயிற்சியும் போதும். குழந்தைகள் இருக்கையில் போதையில் ஓட்டியது மெய்ப்பிக்கப்பட்டால் பணிநீக்கத்துக்குக் குறைவான எதுவும் பொருந்தாது. பள்ளி தானாக விதிக்கும் அபராதம் ஒரு சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், விளக்கம் கேட்ட பின்னரே விதிக்க வேண்டும் என்றும், அத்தொகை பணியாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்றும் 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்ததையே 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் தொடர்கிறது. பணம் பிடிப்பதைவிட, இரு வாரம் பேருந்தை விட்டு விலக்கிப் பயிற்சியில் வைப்பதே பெரும்பாலும் பயன் தரும்.

விபத்தில் யாரேனும் காயமுற்றாலோ இறந்தாலோ காவல்துறை பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125, 106 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதியக்கூடும். ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைப்பதும் பறிப்பதும் உரிமம் வழங்கும் அதிகாரியின் பொறுப்பு. பள்ளியின் விசாரணை இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இவற்றுக்கு மாற்றாகவும் அமையாது. ஒப்பந்த வேன்களின் ஓட்டுநர்கள் பள்ளியின் பணியாளர் அல்லர் என்பதால், பள்ளி கேட்டவுடன் ஓட்டுநரை மாற்றவும், சலான் விவரங்களை மாதந்தோறும் ஒப்படைக்கவும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

நடவடிக்கை முடிந்து ஓட்டுநர் பணிக்குத் திரும்பும்போது கண் பரிசோதனையும், மூத்த ஓட்டுநர் உடனிருக்க மாணவர் இல்லாத சில நடைகளும் முடிந்த பிறகே அவரிடம் தடத்தை ஒப்படைக்கலாம். எடுத்த நடவடிக்கையைப் பெற்றோருக்குச் சுருக்கமாகத் தெரிவிப்பது நன்று. ஓட்டுநருடைய பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் பரப்புவது கூடாது. இறுதியாக, பள்ளியின் போக்குவரத்துக் குழு மாதம் ஒருமுறை விதிமீறல் பதிவேட்டை ஓட்டுநர் வாரியாக மட்டுமின்றித் தடம் வாரியாகவும் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரே தடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், வெவ்வேறு ஓட்டுநர்கள் அதே விதியை மீறியிருந்தால், அடுத்த குறிப்பாணையை எழுதுவதற்கு முன் அந்தத் தடத்தின் நிறுத்தங்களையும் புறப்படும் நேரத்தையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.