எக்ஸாஸ்ட் ஃபேனை கீசரோடு இணைக்கலாமா?

குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்திருக்கிறார். சுவரை உடைக்காமல் முடிக்க ஒரு வழியும் சொல்கிறார்: "கீசர் பாயிண்ட் பக்கத்துலயே இருக்கு சார். அதுலேர்ந்தே ஒயர் இழுத்துடறேன். கீசர் போட்டா ஃபேனும் சேர்ந்து ஓடும்." ஒரே சுவிட்ச், செலவும் மிச்சம். கேட்க நல்லாத்தான் இருக்கு. சரி என்று தலையாட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஃபேன் எப்போது ஓட வேண்டும்?

நம்மில் பலர் குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு கீசரைப் போட்டு, தண்ணீர் சூடானதும் அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறோம். பாதுகாப்பான பழக்கமும் அதுதான். ஆனால் ஆவி கிளம்புவது குளிக்கும்போது. கீசரோடு இணைத்தால், ஆவி இல்லாதபோது ஃபேன் ஓடும். ஆவி நிறையும்போது நின்றுவிடும்! குளியலறைக்குள் ஆள் இருக்கும்போது எரிவது லைட். எனவே ஃபேன் சேர வேண்டியது லைட்டோடுதான்.

ஒயர் தாங்குமா?

2,000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்காகத் தடிமனான ஒயரும், 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் போட்டிருப்பார்கள். சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை; அதன் ஒயரும் மெல்லியது. ஃபேன் பக்கம் கோளாறு ஏற்பட்டு அந்த மெல்லிய ஒயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினாலும், 20 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழாமல் போகலாம். அது காத்திருக்கும் நேரத்தில் ஒயர் சூடாகி உருகும். எம்.சி.பி. என்பது ஒயருக்கான காவல். ஒயர் மெலிந்தால் எம்.சி.பி.யின் அளவும் குறைய வேண்டும்.

சரியான இணைப்பு எப்படி?

• ஃபேனுக்கு லைட் சர்க்யூட்டிலிருந்து இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். லைட் சுவிட்சிலேயே சேர்க்கலாம். பக்கத்தில் தனி சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது. குளித்து முடித்த பிறகும் 15 நிமிடம் ஓடவிடலாம்.
• சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். சுவிட்ச் வழியாகப் போக வேண்டியது ஃபேஸ் ஒயர், நியூட்ரல் அல்ல.
• ஃபேஸ் லைட் சர்க்யூட்டிலிருந்து, நியூட்ரல் கீசர் சர்க்யூட்டிலிருந்து என்று கலந்து எடுக்கக் கூடாது.
• உலோக உடல் கொண்ட ஃபேனுக்கு எர்த் கட்டாயம்.
• வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
• காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் வெளியே போகும். கதவுக்கு அடியில் சிறு இடைவெளி விடுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருக்கிறீர்களா?

கேஸ் கீசருக்குக் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். "அதான் ஃபேன் இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள். மூடிய அறையில் ஃபேன் காற்றை இழுக்கும்போது, வெளியேற வேண்டிய புகை உள்ளே திரும்பவும் கூடும். கேஸ் கீசரை குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் பொருத்த வேண்டும். குளிக்கும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

யாரிடம் வேலையைத் தருவது?

மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்கும் வயரிங் நம் பொறுப்பு. பழுதான ஃபேனை மாற்றுவது வேறு, புதிதாக ஒயர் இழுப்பது வேறு. புதிய வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும். வேலை தொடங்கும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். மின் விநியோகம் தொடர்பான புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987 எந்நேரமும் இயங்குகிறது.

இன்று ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கீசர் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்து சுற்றினால், அந்த இணைப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது.