ஆட்டிசம்: ஊர்ப் பேச்சும் சட்டத்தின் பேச்சும்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு விளக்கம் சொல்ல உறவும் ஊரும் திரண்டுவரும். அந்தப் பேச்சில் பாதி, குடும்பத்துக்கு அரசு தரவேண்டியதைக் கேட்கவிடாமல் தடுத்துவிடுகிறது.

நம்பிக்கை: அம்மா சரியாகக் கவனிக்கவில்லை; செல்போனைக் கொடுத்துப் பழக்கிவிட்டாள்.

உண்மை: பாசமற்ற தாய்தான் காரணம் என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிப் பரப்பினார். உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-லேயே அதை மறுத்து, காரணம் உயிரியல் சார்ந்தது என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் மரபணுக்களின் பெரும்பங்கை உறுதிசெய்தன. ஆனாலும் பழிக்கு அஞ்சிப் பிள்ளையை வெளியே காட்டாத வீடுகள் இன்றும் உண்டு.

நம்பிக்கை: ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும், பொறுங்கள்.

உண்மை: கூப்பிட்டால் திரும்பாமை, விரலால் சுட்டிக்காட்டாமை, வந்த சொல் நின்றுபோதல் ஆகியவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத்) திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் குறை கண்டறியப்படும் குழந்தைகளை மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, இவனுக்கு எதற்கு மாற்றுத்திறனாளி அட்டை?

உண்மை: 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளில் அது ஒன்று. 'இசா' என்ற இந்திய அளவுகோலை வைத்து மருத்துவக் குழு விழுக்காட்டைக் கணக்கிடும். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் பல உரிமைகளுக்கு வழி திறக்கும். அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவையும் பகிர்ந்துகொள்கின்றன.

நம்பிக்கை: "சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டால் அதுதான் முடிவு.

உண்மை: முடிவு அவருடையதல்ல. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. எது என்பது குழந்தையின் தேர்வு என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. "இடமில்லை" என்றால் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து முறையிட்டால் நிரூபிப்பது கடினம். அதேசமயம், சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் பகிரப்படும் நிலையில் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

நம்பிக்கை: பெற்றவர்கள் இருக்கும்வரை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடலாம்.

உண்மை: 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிகிறது. தேவையென்றால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெறவேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடங்கும்.

காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. ஆனால் வளர்ந்த பிள்ளை பகலில் எங்கே போவான், எங்களுக்குப் பிறகு யாருடன் வாழ்வான் என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஊர்களில் விடையாக ஒரு கட்டடம்கூட இல்லை. குடும்பங்கள் சேர்ந்து கேட்கவேண்டியது இதைத்தான்: பகல்நேர மையம், வேலைப் பயிற்சி, உதவியுடன் வாழும் வீடு.