எல்லோரும் பார்க்கும் தகவலை அள்ளிக்கொள்ளலாமா?

புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் ஹாஸ்டல் வராண்டாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

“மச்சி, டேட்டாவுக்கு எங்கடா போறது?”

“நாற்பது வரியில ஒரு பைத்தான் புரோகிராம் எழுதி ராத்திரி ஓடவிட்டுட்டுப் படுத்துடு. காலையில எல்லாம் எக்செல்ல வந்து நிக்கும்.”

“கேஸ் கீஸ் போட்டுட மாட்டாங்களே?”

“உலகமே பார்க்கிறதுதானேடா, யார் கேட்கப் போறா?”

இப்படி ஒரு தளத்தின் பக்கங்களைப் புரோகிராம் மூலம் வரிசையாகத் திறந்து, வேண்டிய விவரத்தை மட்டும் வழித்தெடுப்பதற்கு ‘ஸ்கிரேப்பிங்’ என்று பெயர். தேங்காய் துருவுவது போலத்தான். சிரட்டையை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுக்கிறோம். தேடுபொறிகளும் பக்கங்களைத் தானியங்கியாகப் படித்துத்தான் வேலை செய்கின்றன. அப்படியானால் நாம் செய்தால் மட்டும் குற்றமா? இதே கேள்வி அமெரிக்காவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கோர்ட் படியேறியது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

சான் பிரான்சிஸ்கோவில் ஹைக்யூ லேப்ஸ் என்றொரு சிறிய கம்பெனி. லிங்க்ட்இன் தளத்தில் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கும் சுயவிவரங்களை அள்ளி, அலசி, “உங்கள் ஊழியர்களில் இன்னார் வேலையை விட்டுப் போகக்கூடும்” என்று முதலாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லும் வியாபாரம். 2017 மே மாதம் லிங்க்ட்இன் ஒரு கடிதம் அனுப்பியது: உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் 1986ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர் மோசடித் தடுப்புச் சட்டம் பாயும். ஹைக்யூ பயப்படவில்லை. “இந்தத் தகவல் இல்லையென்றால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்” என்று கோர்ட்டுக்குப் போனது. அந்த ஆகஸ்டிலேயே, ‘தடுக்காதே’ என்று லிங்க்ட்இன்னுக்கு இடைக்கால உத்தரவு வந்தது. 2019 செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

கோர்ட் சொன்ன காரணம் நமக்கு நன்றாகப் புரியும். அந்தச் சட்டம் ‘அனுமதியில்லாமல் நுழைவதை’த் தண்டிக்கிறது. பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் கதவு இருக்கிறது. அதை உடைத்தால் அத்துமீறல். பாஸ்வேர்டே கேட்காத பக்கத்தில் கதவே இல்லை, அப்புறம் எதை உடைப்பது? 2021ல் சுப்ரீம் கோர்ட், அப்போதுதான் தீர்ப்பான வேறொரு வழக்கைக் காட்டி, மறுபடி யோசிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2022 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் அதே பதிலைத்தான் சொன்னது.

‘ஸ்கிரேப்பிங் சட்டப்படி சரி’ என்று பலரும் மேளம் கொட்டியது அப்போதுதான். அது இடைக்கால உத்தரவு என்பதையும், ஒரே ஒரு சட்டத்தைப் பற்றியது என்பதையும் மறந்துவிட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் கீழ்க்கோர்ட் வேறொரு கணக்கைத் திறந்தது: ஒப்பந்தம். நாம் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்துகிறோமே, அதேதான். ஸ்கிரேப்பிங் கூடாது, போலிக் கணக்கு கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஹைக்யூ அதை மீறியது என்று தீர்ப்பு. டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாயின. ஹைக்யூவுக்கு எதிராக 5 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு பதிவானது; அள்ளிய டேட்டாவையும் அதற்கு எழுதிய புரோகிராமையும் அழிக்கவும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முன்னால் ஜெயித்த கம்பெனிதான், நண்பர்களே!

ஆனால் ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போட்டவனைத்தானே கட்டும்? 2024 ஜனவரியில் மெட்டா கம்பெனி பிரைட் டேட்டா மீது போட்ட வழக்கில், முன்பு ஹைக்யூ வழக்கைக் கேட்ட நீதிபதி எட்வர்ட் சென் அதைத்தான் சொன்னார். லாகின் செய்யாமல் வெளியிலிருந்து பொதுப் பக்கத்தை எடுப்பதை மெட்டாவின் விதிமுறைகள் தடுக்கவில்லை என்று தீர்ப்பு. ஆகவே எங்கே நின்று எடுத்தாய் என்பதுதான் பெரிய கேள்வி.

இதெல்லாம் அமெரிக்கச் சட்டம். நம்ம ஊரில்? 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில், கம்ப்யூட்டருக்கு உரியவர் அல்லது பொறுப்பாளர் அனுமதியில்லாமல் டேட்டாவை இறக்குவது, நகலெடுப்பது, பிரித்தெடுப்பது எல்லாமே வருகிறது. நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பாஸ்வேர்ட் இருந்தால் மட்டும்’ என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. சர்வர் திணறும்படி நொடிக்கு நூறு தடவை தட்டினால், இயக்கத்துக்கு இடையூறு என்று அதே 43ஆம் பிரிவு வேறு வழியில் வந்து நிற்கும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஹைக்யூவும் லிங்க்ட்இன்னும் மல்லுக்கட்டியது யாருடைய தகவலுக்காக? வேலை தேடி விவரம் போட்ட மனுஷனுடையது. அவன் போகப் போகிறான் என்று முதலாளியிடம் போட்டுக்கொடுப்பதற்கு அவனை யாரும் கேட்கவில்லை. நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலுக்கு விலக்கு தருகிறது. ‘தானே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தோழி போட்ட குரூப் போட்டோவில் நிற்கிற இன்னொரு பெண் அதைத் தானாக வெளியிடவில்லையே! முகங்களை அள்ளிச் சேர்த்த கிளியர்வியூ கம்பெனிக்கு 2022ல் இத்தாலி 2 கோடி யூரோ அபராதம் போட்டது.

சரி, புராஜெக்ட்டுக்கு என்ன வழி? தளமே ஏபிஐ தந்தால் அதை வாங்குங்கள். பெயர், போன் நம்பர், முகம் உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் முதலிலேயே விட்டுவிடுங்கள். போலிக் கணக்கு வேண்டவே வேண்டாம். வெறும் பயிற்சிக்குத்தான் டேட்டா வேண்டுமென்றால், மத்திய அரசின் டேட்டா டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் தினசரி மண்டி விலை நிலவரமே கிடைக்கிறது. தக்காளி விலையை வைத்தே நல்ல புராஜெக்ட் பண்ணலாம். தக்காளி யார் மேலும் கேஸ் போடாது.