கஜேந்திரன் கற்றுத் தரும் சரணாகதி

கார்த்திகை பிறந்தால் போதும்... பல வீடுகளுக்கு நிம்மதியும் கூடவே வந்துவிடும். குடும்பத் தலைவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். அதிகாலைக் குளியல், சரண கோஷம், வேளைக்குச் சாப்பாடு. முக்கியமாக, குடி கிடையாது! ஆனால், மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கதை.

'41 நாள் இருக்க முடிந்தவருக்கு, 42-ஆம் நாள் ஏன் முடியவில்லை?' என்று கண்ணீர் விடும் சகோதரிகள் எத்தனையோ பேர். இதற்கான பதில் கஜேந்திர மோட்சத்தில் இருக்கிறது.

கும்பகோணத்தில் இருந்து திருவையாறு செல்லும் வழியில், பாபநாசத்தை அடுத்துள்ளது கபிஸ்தலம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இங்கே, பள்ளிகொண்ட கோலத்தில் அருள்கிறார் கஜேந்திர வரதர். யானைக்கு அபயம் தந்த பெருமாள்!

முற்பிறவியில் அந்த யானை, இந்திரத்யும்னன் என்ற பாண்டிய மன்னன். அகத்தியரை எழுந்து உபசரிக்காததால் யானையாகப் பிறந்தான். பொய்கையில் இறங்கியபோது முதலை காலைக் கவ்வியது. ஆயிரம் ஆண்டுகள் போராட்டம்! தண்ணீர் முதலைக்குச் சொந்த வீடு. நாளாக நாளாக அதற்கு வலிமை கூடியது, யானைக்குக் குறைந்தது. உடன் வந்த யானைகள் இழுத்துப் பார்த்தன, முடியவில்லை. பெண் யானைகள் கரையில் கதறின. கடைசியில், 'இனி என்னால் ஆகாது' என்று உணர்ந்து, தாமரையை ஏந்தித் துதிக்கையைத் தூக்கி அழைத்த பிறகே கருடன் மீது வந்தார் பெருமாள்.

குடியும் அந்த முதலைதான். 'நான் நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்' என்று சொல்லாத குடிநோயாளி உண்டா? அந்த 'நான்'தான் யானை பலம். அது இருக்கும் வரை துதிக்கை உயராது.

வைணவ ஆசார்யர்கள் சரணாகதிக்குச் சொல்லும் அங்கங்களில் ஒன்று, கார்ப்பண்யம். 'என் பலம் இவ்வளவுதான். உன்னையன்றி கதியில்லை' என்று பணிவதே அது.

அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935-ல், பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு. அதன் 12 படிகளில் முதல் படியே, மதுவிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்வதுதான். ஏழாவது படி, தன் குறைகளை நீக்கும்படி இறைவனிடம் பணிவோடு வேண்டுவது. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்களின் சங்கல்பம்.

மாலை போட்டிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். குருசாமியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். பஜனைக்குச் சக சாமிகளோடு போனார். தினமும் சரணம் சொன்னார். மாலையோடு அந்தத் துணையும் பணிவும் கழன்றுவிட, பழையபடி 'நான்' மட்டும் மிஞ்சியது. ஆக, விரதம் வீணல்ல. அதன் பணிவும் துணையும் 42-ஆம் நாளும் தொடர வேண்டும்.

சரி, கரையில் நிற்கும் பெண் யானைகள் என்ன செய்வது?

பில்லின் மனைவி லோயிஸ், கணவரைத் திருத்த ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர். கடைசியில் வேறு யாரோ உதவி அவர் மீண்டபோது, கோபத்தில் ஒருநாள் செருப்பையே வீசி எறிந்தாராம்! பிறகுதான், 'நான்தான் காப்பாற்ற வேண்டும்' என்ற எண்ணத்தைத் தானும் விட வேண்டும் என்று புரிந்துகொண்டார். 1951-ல், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' அமைப்பைத் தோழி ஒருவருடன் தொடங்கினார்.

அவர் குடிப்பது உங்கள் குற்றமல்ல. அதற்காக ஆபீசுக்குப் பொய் சொல்வதும், கடனை அடைத்து மறைப்பதும் முதலைக்குத் தீனி போடுவதே. அடி உதையைப் பொறுத்துக்கொள்வதும் பணிவு ஆகாது.

இன்னொன்று, மிகவும் முக்கியம். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தியம் வாங்கி அறையில் பூட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், இளம் வயதிலேயே அந்தத் துயரத்தைத் தாண்டி, 1980-ல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம். உதவி கேட்பதும் துதிக்கையைத் தூக்குவதுதானே!

இன்று மாலை விளக்கேற்றும்போது, 'அவரைத் திருத்தும் பாரத்தை உன்னிடம் வைக்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்ய எனக்குத் தைரியம் கொடு' என்று கஜேந்திர வரதரை வேண்டிக்கொள்ளுங்கள். பிறகு, தயங்காமல் போனை எடுங்கள்.