கழிவுப் பட்டியலில் போன தாவர நூல்

2011ஆம் ஆண்டு எங்கள் பள்ளியின் நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. தனி நூலகர் இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே அந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். பழைய அறையை இடிக்க வேண்டியிருந்ததால், பயன்படாத நூல்களைப் பிரித்துக் கழிவுப் பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு நாள்களில் நூல்களை மூன்று அடுக்காகப் பிரித்தேன். அட்டை கிழிந்தவை ஓர் அடுக்கு. கரையான் அரித்தவை இன்னோர் அடுக்கு. ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் கையில் எடுக்காதவை மூன்றாவது. அந்த மூன்றாவது அடுக்கில் படமே இல்லாமல் பொடி எழுத்தில் அச்சான தடித்த நூல் ஒன்று இருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பட்டியலில் ‘பழுதடைந்தது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எல்லாம் எடைக்குப் போயின.

நான்கு ஆண்டுகள் கழித்து மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் போட்டித் தேர்வு நூல் தேடிக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த ஒரு நூலை இழுத்தபோது முதல் பக்கத்தில் எங்கள் பள்ளியின் நீல முத்திரை தெரிந்தது. சேர்க்கை எண்ணும் இருந்தது. 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பேருந்தில் உட்கார்ந்து புரட்டியபோதுதான் ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்துகளைக் கவனித்தேன். ‘மாவிலங்கம் – ஐயனார் கோயில் பின்புறம்’, ‘நெட்டி – கண்மாய் உள்வாய், கலுங்கு அருகே, நவ. 1964’ என்று எங்கள் ஊரின் இடங்கள். நான் பிறப்பதற்கு முன் அதே பள்ளியில் அறிவியல் நடத்திய யாரோ ஓர் ஆசிரியர், நூலில் படித்த செடிகளை ஊருக்குள் தேடிப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். அதைத்தான் நான் எடைக்குப் போட்டிருக்கிறேன்.

பழைய இயற்கை நூல்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் தொடங்கியது.

நூலின் வரலாறு

அந்த நூல் ஜே. எஸ். கேம்பிள் எழுதிய ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’ நூலின் முதல் தொகுதி. கேம்பிள் இந்திய வனத்துறையில் பணியாற்றியவர். நூல் 1915 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் 1925இல் மறைந்த பிறகு சி. இ. சி. ஃபிஷர் என்பவர் மீதியை எழுதி 1936இல் முடித்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1957இல் அதை மூன்று தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தது. எங்கள் பள்ளியில் இருந்தது அந்த மறுபதிப்பு. பழம்பொருள் வணிகர்கள் இதைப் பெரிய விலைக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் வளர்ந்த செடிகளை இலை, பூ, காய் அடையாளத்தோடும், வளரும் இடத்தோடும், பல செடிகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களோடும் சொல்லும் நூல் இது. இன்றும் தாவரவியல் ஆய்வாளர்கள் இதைப் புரட்டுகிறார்கள்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. செடிகளின் மருந்துப் பயனைச் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற மலையாள மருத்துவர். அவருடைய வாக்குமூலம் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. பின்னர் வந்த வில்லியம் ராக்ஸ்பர்க்கின் ‘சோழமண்டலக் கரைத் தாவரங்கள்’ 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக, 300 வண்ணப் படங்களோடு இலண்டனில் வெளிவந்தது. அடுத்தவர் இராபர்ட் வைட். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை வந்தவர். கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் முயற்சிக்கும் பொறுப்பு வகித்தார். தாவரப் படங்களுக்கென்றே அவர் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்த தென்னிந்திய ஓவியர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இருவரின் பெயரை அவர் மறைக்கவில்லை. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

இந்த விவரங்களை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், அப்போ இந்தப் புத்தகத்துல பாதி நம்ம ஆளுங்க சொன்னதுதானே?” அட்டையில் ஒருவர் பெயர்தான் இருக்கும். உள்ளே மருத்துவர், ஓவியர், செடி பறித்து வந்தவர், ஊர்ப்பெயர் சொன்னவர் என்று பலரின் அறிவு இருக்கிறது. அறிவியல் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பறையில் மூன்று பாடங்கள்

முதல் பாடம், பெயர். ஆவாரையை இந்த நூல் ‘காசியா ஆரிகுலாட்டா’ என்கிறது. இன்று அது ‘சென்னா ஆரிகுலாட்டா’. கருவேலம் அன்று ‘அகேசியா அராபிகா’. இன்று ‘வச்செல்லியா நிலோட்டிகா’. வன்னி அன்று ‘புரோசோபிஸ் ஸ்பிசிகெரா’. இன்று ‘புரோசோபிஸ் சினரேரியா’. மாணவர்கள் குழம்பினார்கள். அறிவியல் பெயர் மாறாதது என்று நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்? உறவுமுறை பற்றிய புரிதல் வளரும்போதும், முந்தி வைத்த பெயர் தெரியவரும்போதும் பெயர் திருத்தப்படும் என்று விளக்கினேன். அதே வேளையில், குறிஞ்சிப்பாட்டு சொல்லும் 99 பூக்களில் ஒன்றான ஆவிரை இன்றும் எங்கள் ஊரில் ஆவாரைதான். தமிழாசிரியரும் நானும் சேர்ந்து இந்தப் பாடத்தை ஒரே நாளில் நடத்தினோம்.

இரண்டாவது பாடம், இல்லாமை. பள்ளிச் சுவரோரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தை இந்த நூலில் தேடச் சொன்னேன். எங்களிடம் முதல் தொகுதி மட்டுமே இருந்ததால், சூரியகாந்திக் குடும்பம் வரும் பகுதியை இணைய மின்படியில் திறந்து கொடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கே இப்போது ஆஸ்டரேசி என்று பெயர். அங்கே கம்பாசிடே என்று தேட வேண்டும். அரை மணி நேரம் தேடினார்கள். “புத்தகம் தப்பு சார், அவர் பார்க்காம விட்டுட்டார்” என்றான் ஒருவன். பார்த்தீனியம் இந்தியாவில் களையாகக் கவனத்துக்கு வந்தது 1950களின் நடுவில், புனே பகுதியில். 1920களில் அச்சான பக்கத்தில் அது எப்படி இருக்கும்? நூலில் இல்லாததும் ஒரு செய்திதான் என்று அன்று பேசினோம். ஆனால் உடனே இன்னொன்றையும் சொன்னேன்: நூலில் இல்லை என்பதாலேயே ஊரில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வேறு சான்றும் வேண்டும்.

மூன்றாவது பாடம்தான் எனக்கு முக்கியமானது. பென்சில் குறிப்புகளை எண்ணினோம், 37 இருந்தன. சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் நான்கு சனிக்கிழமைகள் அந்த இடங்களுக்குப் போனார்கள். செடியைப் பிடுங்குவதில்லை, கைப்பேசியில் படம் எடுத்து இடத்தைக் குறிப்பது மட்டுமே என்பது விதி. ஐயம் வந்த படங்களை அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் பேராசிரியருக்கு அனுப்பினோம். ஐயனார் கோயில் மாவிலங்கம் இன்னும் நிற்கிறது. வன்னியும் இருக்கிறது. மொத்தம் 24 குறிப்புகள் சரியாக இருந்தன. நான்கு இடங்களில் இருந்தது எந்தச் செடி என்று உறுதி செய்ய முடியவில்லை. ஒன்பது செடிகள் அந்தந்த இடத்தில் இல்லை. அவற்றில் ஒன்று நெட்டி.

கலுங்கு அருகே உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவரிடம் மாணவர்கள் நெட்டியைப் பற்றிக் கேட்டார்கள். “இருந்துச்சே! மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவோம். தண்ணி நிக்கிறது குறைஞ்சு போச்சு, நெட்டியும் போச்சு. இப்பத்தான் கடையில பிளாஸ்டிக் மாலை விக்குதே” என்றார். அந்தப் பேச்சையும் தேதி, இடத்தோடு எழுதிக்கொண்டோம். 1964இல் ஓர் ஆசிரியர் ஒரு வரி எழுதி வைக்காமல் போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே எங்களுக்குத் தோன்றியிருக்காது.

சேகரிப்பவர் கவனிக்க வேண்டியவை

இப்போது என்னிடம் இருபத்தாறு நூல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மறுபதிப்புகள். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஃபைசன் எழுதிய மலைத் தாவர நூல், இந்தியத் தோட்டக்கலை பற்றிய ஃபர்மிஞ்சரின் கையேட்டின் பிந்தைய பதிப்பு ஒன்று, சலீம் அலியின் பறவை நூல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பட்டறிவில் கற்ற சிலவற்றைப் பகிர்கிறேன்.

வாங்கும் முன் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். ஆண்டு, பதிப்பு, தொகுதி எண் அங்கே இருக்கும். முன்னுரையில் உள்ள ஆண்டை அச்சான ஆண்டாக எடுத்துக்கொண்டு ஏமாறுபவர்கள் உண்டு. படங்கள் உள்ள நூலென்றால் படப்பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பழைய தாவர, பறவை நூல்களிலிருந்து வண்ணப் படங்களை வெட்டிச் சட்டம் போட்டு விற்பது உலகெங்கும் நடக்கிறது. முழு நூலைவிடத் தனிப் படங்களுக்குக் கூடுதல் பணம் கிடைப்பதால் நல்ல நூல்களும் பிரிக்கப்படுகின்றன. விளக்கம் ஓரிடம், படம் ஓரிடம் என்று பிரிந்துவிட்டால் இரண்டுக்கும் பயன் குறைவு. வெட்டிய படங்களை நாம் வாங்காமல் இருப்பதே அதற்கு எதிராக நம்மால் முடிந்தது.

நூலக முத்திரை இருந்தால் அது முறைப்படி கழிவு செய்யப்பட்டதா என்று விசாரியுங்கள். ஐயம் இருந்தால் வாங்காதீர்கள். அந்த நூலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. நான் ஒட்டிக் கெடுத்த நூல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளில் பசை பழுப்பாகி எழுத்தின் மேல் ஊறிவிட்டது. மரக்கூழில் செய்த பழைய தாளில் அமிலம் இருப்பதால் அது தானாகவே மஞ்சளாகி, மடித்தால் முறியும். துணிக் கந்தலில் செய்த அதற்கும் முந்தைய தாள்கள் பல இன்னும் வளைந்து கொடுக்கும். அமிலம், காரம் பாடத்தில் இரண்டு தாள்களையும் காட்டலாம். ஈரச் சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும். மாதம் ஒருமுறை நூல்களை எடுத்துத் தூசி தட்டி நிழலில் காற்றாட வைப்பது நல்லது. ஓரக் குறிப்புகளை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

பணமில்லாமலும் முடியும்

இதற்குப் பணம் தேவை என்று நினைக்க வேண்டாம். ராக்ஸ்பர்க், வைட், கேம்பிள் நூல்கள் மின்னுருவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்லுயிர் மரபு நூலகம் என்ற பன்னாட்டு மின்னூலகத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். திறன் வகுப்பறைத் திரையில் ரங்கையா வரைந்த ஓர் இலையைக் காட்டி, அதே இலையை மாணவர் கையில் கொடுத்து ஒப்பிடச் சொல்லிப் பாருங்கள். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

தனி மனிதரின் சேகரிப்பு என்ன ஆகும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சான்று. அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பிறகு சிதறிப் போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இயங்குகின்றன. நம்மால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் நம் பள்ளியின் நூல்களை நாம் பார்த்துக்கொள்ள முடியும்.

கேம்பிளின் முதல் தொகுதியைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு பள்ளி நூலகத்திலேயே சேர்த்துவிட்டேன். புதிய சேர்க்கை எண், பழைய எண்ணுக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டு தொகுதிகளும் என் கையொப்பமிட்ட அதே பட்டியலில் இருந்தன. பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவை இன்னும் கிடைக்கவில்லை. அவற்றின் ஓரங்களில் என்ன எழுதியிருந்தது என்பதும் இனித் தெரிய வழியில்லை.

உங்கள் பள்ளியில் கழிவுப் பட்டியல் தயாரிக்கும் நாள் வந்தால், ஒவ்வொரு நூலையும் ஐந்து நிமிடம் புரட்டிப் பாருங்கள். முத்திரை, ஆண்டு, ஓரக் குறிப்பு, நடுவில் செருகிய தாள், உலர்ந்த இலை ஆகியவற்றைக் கவனியுங்கள். ஐயமிருந்தால் ஒதுக்கி வைத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எங்கள் மாணவர்கள் இப்போது ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். செடி, இடம், தேதி, பார்த்தவர் பெயர் என நான்கு பத்திகள். முதல் பக்கத்தில் அந்த 37 குறிப்புகளையும் அப்படியே படியெடுத்திருக்கிறார்கள். அதற்கும் சேர்க்கை எண் கொடுத்து நூலகத்தில் வைத்திருக்கிறோம்.