வச்சிரநந்தியின் சங்கம்: ஒரு செய்தியைச் சோதிக்கும் முறை

நன்ஞானத்திற்கு மாசாவன ஐயம், திரிபு, தெளிவின்மை என மூன்று என்று நம் அளவை நூல்கள் கூறும். ஆகமப் பொருளில் இத்துணை விழிப்புக் காட்டும் நாம், நம் வரலாற்று நூல்களைக் கையிலெடுக்கும்போது மட்டும், அச்சேறியதெல்லாம் மெய்யென ஏற்றுக்கொள்கிறோம். தமிழ்ச் சமணம் பற்றி வெளிவரும் நூல்களிலும் ஆய்வேடுகளிலும் பொன்னும் உண்டு, பித்தளையும் உண்டு. ஆசிரியரின் பட்டம் ஒன்றே அவற்றிற்கு உரைகல் ஆகாது. நம் பிள்ளைகள் கல்லூரிக் கட்டுரைகளுக்கு இவற்றையே நாடுகின்றனர். ஆதலின் ஒரே ஒரு செய்தியை எடுத்துச் சோதித்துக் காண்போம்.

கி.பி. 470இல் வச்சிரநந்தி ஆசாரியர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார் என்பதை நாம் பலமுறை படித்துப் பெருமிதம் கொண்டிருக்கிறோம். இதற்குச் சான்று யாது? ஒரு நூலின் அடிக்குறிப்பு இன்னொரு நூலைச் சுட்டும். அது வேறொன்றைச் சுட்டும். பத்து நூல்கள் ஒருவரையே பார்த்து எழுதியிருப்பின் சான்று பத்தன்று, ஒன்றே. அந்த ஒன்று, தேவசேனர் பிராகிருதத்தில் இயற்றிய தரிசனசாரம்.

அந்நூலைத் திறந்து பார்ப்போர் திகைப்பர். பூச்சியபாதரின் மாணவராகிய வச்சிரநந்தி, விக்கிரமன் மறைந்த 526ஆம் ஆண்டில், தென்மதுரையில் திராவிட சங்கத்தைத் தோற்றுவித்தார் என்று அது கூறுகிறது. ஆனால் அந்நூலின் நோக்கம் நெறி பிறழ்ந்த பிரிவுகளைக் கண்டிப்பது. வச்சிரநந்தியை அது புகழவில்லை. தீயவர் என்றே பழிக்கிறது. விதையில் உயிரில்லை என்றார், குளிர்ந்த நீரில் நீராடினார் என்பன போன்ற குற்றச்சாட்டுகளையும் அடுக்குகிறது. அங்கே சங்கம் என்பது துறவியர் கூட்டம். தமிழாய்வு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இலக்கியச் சங்கத்தோடு அதனைப் பொருத்தியது பிற்கால ஆய்வாளரின் ஊகம். எஸ். வையாபுரிப் பிள்ளை போன்றோர் அவ்வாறு கருதியமைக்குக் காரணம் காட்டினர். அதைப் படியெடுத்தவர்களோ காரணத்தை விடுத்து முடிவை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

காலத்தையும் நோக்குக. தேவசேனர் நூலை முடித்தது விக்கிரம ஆண்டு 990இல், அதாவது கி.பி. 933இல். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நானூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளன. இதனால் செய்தி பொய்யென்று ஆகிவிடாது. அவர் பழைய மரபைக் கேட்டு எழுதியிருக்கலாம். எனினும் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய செய்தி வரும்போது நாம் என்ன சொல்கிறோம்? சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர், பெரியபுராணமோ பன்னிரண்டாம் நூற்றாண்டினது, இடைவெளி மிகுதி என்கிறோம். நமக்கு வருத்தம் தரும் செய்திக்கு ஒரு படியும் பெருமை தரும் செய்திக்கு வேறொரு படியும் வைத்து அளப்பது வணிகத்திலும் ஒவ்வாது. அறிவுத்துறையில் எங்ஙனம் ஒக்கும்?

நல்ல ஆய்வு எவ்வாறு இருக்கும் என்பதற்கு 2003இல் வெளிவந்த ஐராவதம் மகாதேவனின் தொன்மைத் தமிழ்க் கல்வெட்டியல் நூலைப் பார்க்கலாம். மாங்குளம், புகளூர் முதலிய குகைத்தளக் கல்வெட்டுகளின் படங்களும் வரிவடிவங்களும் அதில் உள்ளன. படிப்பவரே எழுத்தை ஒப்பிடலாம். 1960களில் தாம் வெளியிட்ட வாசிப்புகள் பலவற்றை அவரே அதில் திருத்தியுள்ளார். சான்றை நம் கண்முன் வைக்கும் நூலை, அதன் முடிவு நமக்கு உவப்பன்றாயினும், நம்பிப் படிக்கலாம்.

செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றிற்கு நம்மில் பலர் குடும்பத்தோடு செல்கிறோம். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு அங்குள்ளது. அதில் மன்னன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. எழுத்தின் வடிவைக் கொண்டே காலம் கணிக்கின்றனர். எனவேதான் நூலுக்கு நூல் நூற்றாண்டு மாறுகிறது. அடுத்த முறை செல்லும்போது, தொல்லியல் துறையினர் அச்சிட்ட வாசகத்தைப் படியெடுத்துச் சென்று, பிள்ளைகளைப் பாறையின் எழுத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடச் செய்யலாம். காலை வெயில் சாய்வாக விழும் வேளை அதற்கு ஏற்றது.